மருத்துவ ஊழியத்துக்குப் புறப்படும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உங்கள் சபையின் மருத்துவக் குழுவோடு இரண்டு வார ஊழியத்துக்காக வெளிநாடு செல்லவிருப்பதாக நீ எழுதியதைப் படித்து மனம் மகிழ்ந்தேன். நானும் அண்மையில்தான் அத்தகைய முகாமிலிருந்து நலமாகத் திரும்பினேன்.

அங்கே கண்டவர்களுள் இன்னும் என் நினைவை விட்டு அகலாதவர்கள் இரத்த அழுத்த நோயாளிகளே. கண்புரையை அகற்றினால் ஓரிரு நாளில் பார்வை தெளிகிறது. பிளவுபட்ட உதட்டைச் சீராக்கினால் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் பயன். ஆனால் இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத மாத்திரையைக் கொடுத்துவிட்டு நாம் விமானம் ஏறிவிட்டால், அது தீர்ந்த பின் அவர்கள் யாரிடம் போவார்கள்? எங்கள் குழு அங்கே தொடர்ந்து கிடைக்கும் மருந்துகளையே எழுதிக்கொடுத்து, ஒவ்வொருவரின் விவரத்தையும் அவ்வூர்ச் சுகாதார நிலையச் செவிலியரிடம் ஒப்படைத்தது. முகாமில் நாங்கள் செய்தவற்றுள் மிகப் பயனுள்ள வேலை அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் காயத்தை நீங்கள் திரும்பிய பின் யார் கவனிப்பார்கள் என்பதையும், அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் அனுமதி கிடைத்துவிட்டதா என்பதையும் உன் குழுத் தலைவரிடம் இப்போதே கேள். நன்கொடை மருந்துகள் போய்ச் சேரும்போது காலாவதியாகக் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மருந்தகங்களில் மிஞ்சியவற்றைப் பெட்டியில் அடைத்துச் செல்ல வேண்டாம்.

1847-இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷனெரி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்ததோடு நில்லாமல், 1848-இலேயே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிய அவர், பின்னர் பாடநூல்களைத் தமிழில் பெயர்த்துப் பயிற்சியையும் தமிழிலேயே நடத்தினார். அவர் தாயகம் திரும்பிய பின்னும் மக்களுக்கு வைத்தியம் பார்க்க அவருடைய மாணவர்கள் அங்கே இருந்தார்கள். இரண்டு வாரத்தில் அவ்வளவு இயலாது. ஆயினும் நீ செய்யும் ஒவ்வொரு சிகிச்சையின்போதும் அவ்வூர்ச் செவிலியர் ஒருவர் உன் அருகில் நின்று கற்றுக்கொள்ளட்டும்.

நோயாளிகளோடு ஜெபிப்பது பற்றிக் கேட்டிருந்தாய். சிகிச்சைக்காகக் காத்திருப்பவரால் வேண்டாம் என்று சொல்ல இயலாது. சிகிச்சை முடிந்த பின், அவரே விரும்பிக் கேட்டால் ஜெபிப்பதுதான் முறை.

எந்த நாடு என்பதை விரைவில் எழுது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்பட்டால், பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள்களுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் பயன்படுத்திய ஒப்படைப்புப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்