ஒலியை அணைத்துவிட்டு வேலை செய்தவருக்கு

மட்டக்களப்பு உறவுகள் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

வெள்ளம் பதிவு அறைக்குள் எப்படி வந்தது, அந்த இரண்டு இரவும் என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அதே தண்ணீருக்குள்தான் நின்றீர்கள். 1990இன் சாட்சியங்கள் பதிந்த, நனைந்த 41 கசற்றில் 40 மீண்டுவிட்டது. நேற்றுப் பின்னேரம் கடைசிக் கசற்றின் இரண்டாம் பக்கமும் கணினியில் ஏறி முடிந்தது. மனம் ஆறிப்போவதற்குள் இந்த நன்றியை எழுதிவிட வேண்டும்.

முதல் நன்றி றேடியோ திருத்தும் காக்காவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்). பெயரும் கடையும் எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், எழுதவில்லை. ஆனால் அவர் செய்ததை விவரமாக எழுதச் சம்மதம் தந்தார், நாளைக்கு வேறு யாருக்காவது உதவும் என்பதற்காக.

முதல் இரவு நாங்கள் செய்த இரண்டு பிழையையும் மறைக்காமல் சொல்கிறோம். ஈரம் காயுமுன் ஒரு கசற்றைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். நாடாவின் மண்ணிறப் பூச்சு உரிந்து கருவியின் தலையில், நாடாவை வாசிக்கும் அந்தப் பகுதியில், அப்பிக்கொண்டது. அழிந்த அந்த ஒன்று அதுதான். இன்னொன்றை மேசை விளக்கின் கீழ் வைத்து உலர்த்தினோம். கூடு வளைந்து, நாடாவின் ஓரம் சுருண்டு, ஒரு பக்கத்தில் 6 நிமிடம் போய்விட்டது. காக்கா வந்து பார்த்து முதலில் சொன்னது, "இனி ஒண்டையும் காய வைக்காதீங்க, தண்ணிக்குள்ளயே கிடக்கட்டும்." கேட்டவர்களுக்கு விசித்திரமாக இருந்தது. காரணம் உண்டு. சேறு ஈரமாக இருக்கும்வரை கழுவினால் போகும். அரைகுறையாகக் காய்ந்தால் நாடாச் சுற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும், பிரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். ஆகவே ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருத்தும்வரை நல்ல குளிர் தண்ணீரில் மூழ்க வைத்து, தண்ணீரை நாளுக்கு இரண்டு தரம் மாற்றினார்.

பிறகு கூட்டின் ஐந்து திருகாணியைக் கழற்றி, இரண்டு சில்லையும் நாடாவோடு அப்படியே எடுத்து, பற்றரிக்கு விடும் வடிநீரில் கடைசிக் கழுவல். குழாய்த் தண்ணீரோடு நிறுத்தினால் அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் காய்ந்து நாடாவில் படியும். உலர்த்தியது நிழலில், காற்றாடிக் காற்று நேரே படாமல், மூன்று நாள். வெயில் இல்லை, சூடு இல்லை. பழைய பாட்டுக் கசற்றுகளின் கூடுகளைக் கழுவி வைத்திருந்தார். திருகாணி இல்லாமல் ஒட்டி மூடிய கூடுகளை ஒதுக்கிவிட்டார், உடைக்காமல் திறக்க முடியாது என்பதால். நாடாவைப் புதுக்கூட்டுக்கு மாற்றி, தலையோடு நாடாவை அழுத்தும் அந்தச் சின்னக் கம்பளிப் பஞ்சையும் புதிதாக வைத்தார். பஞ்சு ஊறிக் கழன்ற கசற்றில் குரல் தூரத்தில் இருந்து வருவதுபோல மங்கிவிடும். பலர் அதை நாடா அழிந்துவிட்டது என்று நினைத்து வீசிவிடுகிறார்கள்.

இவ்வளவும் கைத்திறன். எங்கள் நெஞ்சை அடைத்தது வேறு.

இந்தக் கசற்றுகள் 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு, 2003இல் எடுத்தவை. 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஆகஸ்ட் 12 ஏறாவூர், செப்டம்பர் 5 வந்தாறுமூலைப் பல்கலைக்கழக முகாம், செப்டம்பர் 9 சத்துருக்கொண்டான். படுகொலைகளும் ஆட்களைக் கொண்டுபோனதும், எல்லாம் ஆறு கிழமைக்குள் நடந்தவை. அந்த ஊர்களின் வீடுகளில் இருந்து, தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு சமூகத்தாரும் பேசிய குரல்கள் இவை. ஒவ்வொருவரும் பேசுமுன் கையெழுத்திட்ட தாளில் நான்கு வழி இருந்தது: பெயரோடு குரல், பெயரில்லாமல் குரல், குரல் இல்லாமல் எழுத்து மட்டும், என் காலத்துக்குப் பிறகு மட்டும். கூடுதலானோர் தேர்ந்தது மூன்றாவது. அந்த வகையில் குரலைக் கேட்கலாம் என்று இருந்தது இரண்டே பேர், பதிவெடுத்தவரும் எழுதியெடுத்தவரும்.

நனைந்த தாள்களை உலர்த்திக்கொண்டிருந்தபோது காக்கா அதில் ஒன்றை வாசித்திருக்கிறார். நாடா ஓடும் நாளில் கணினியின் ஒலிபெருக்கியைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டார். ஹெட்போனும் வேண்டாம் என்றார். கேட்காமல் எப்படிச் சரிபார்ப்பது என்றதற்கு, "இது அவங்க உங்கள நம்பிச் சொன்னது தம்பி. என்னை நம்பிச் சொல்லல்லியே" என்றார்.

கேட்காமல் எப்படிச் செய்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கசற் எடுத்த கருவியின் தலைச் சாய்வுக்கும் ஓட்டும் கருவியின் தலைச் சாய்வுக்கும் மயிரளவு வித்தியாசம் இருந்தாலும் குரல் போர்வைக்குள் இருந்து வருவதுபோல ஆகும். தலைக்குப் பக்கத்தில் உள்ள சிறு திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எழுத்துகள் கூர்மையாக வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்குக் காது வேண்டும். ஒவ்வொரு கசற்றின் தொடக்கத்திலும் பதிவெடுத்தவர் தன் குரலில் இலக்கமும் தேதியும் சொல்லும் 20 விநாடி இருக்கிறது. அது எங்கள் குரல், நாங்கள் அனுமதி கொடுக்கலாம். அந்த 20 விநாடிக்கு மட்டும் ஹெட்போன் போட்டுக்கொண்டு, சாய்வைச் சரிசெய்து, "பதிவு தொடங்குகிறது" என்ற சொல் வந்ததும் கழற்றிவிடுவார். அந்த முன்னுரை தப்பியிருந்த 38 கசற்றிலும் ஒரு தரம்கூடத் தவறவில்லை.

மீதியைக் கண்ணால் பார்த்தார். திரையில் ஓடும் ஒலிக்கோடு பேச்சுக்கு விரியும், மூச்சுக்கு ஒடுங்கும். கோடு ஒடுங்கியபடி நீளும்போதுதான் சிக்கல்: நாடா கெட்டதா, ஆள் பேசவில்லையா? ஆள் மௌனமாக இருந்தாலும் நாடாவின் இரைச்சலும் அறையின் காற்றும் பதிவில் இருக்கும், பெருப்பித்துப் பார்த்தால் கோடு நூல்போல் சற்றே தடித்து நடுங்கிக்கொண்டிருக்கும். பூச்சு உரிந்த இடத்தில் அந்த நடுக்கமும் இருக்காது. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவர் எழுதித் தந்த குறிப்பு ஒன்றைச் சட்டம் போட்டு வைக்கப்போகிறோம்: "14 நிமிசம் 10 செக்கன். டேப் நல்லம். ஆள் பேசல்ல. 1.40 வரை பேசல்ல."

கேட்க அனுமதி உள்ளவர் போட்டுக் கேட்டார். சரியாக 1 நிமிடம் 40 விநாடி மௌனம். 2003இல் எழுதியெடுத்த தாளில் அந்த இடம் இல்லை, முன் வரியும் பின் வரியும் ஒட்டிக் கிடக்கின்றன. அந்தக் கசற்றில் பேசிய தாய்க்கு நாங்கள் செய்த அநியாயம் அது. இனி எழுதியெடுக்கும் ஒவ்வொரு சாட்சியத்திலும் மௌனம் அதன் நேர அளவோடு இடம்பெறும். பழைய தாள்களையும் அப்படியே திருத்துகிறோம். இது எங்கள் வாக்கு.

பேசி முடித்தவர்கள் பெரும்பாலும் கேட்ட கேள்வி ஒன்றுதான், "இத ஆரு கேப்பாங்க?" கசற்றுக்குக் கசற் அந்தக் கேள்வி இருக்கிறது. அங்கே பேசியவர்களில் காக்காவின் சமூகத்தாரும் உண்டு, மற்றவர்களும் உண்டு. அவர் வீட்டில் 1990 என்ன செய்தது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கூலி என்று ஒரு சதமும் வாங்கவில்லை.

மற்றவர்களுக்கும் எங்கள் கைகூப்பு. ஜெனரேற்றர் தந்த பள்ளிவாசல் நிருவாகத்துக்கு, மண்டபம் திறந்துவிட்ட கோயில் சபைக்கு, நனைந்த தாள்களுக்கிடையே வெள்ளைத் தாள் வைத்து இரவிரவாக மாற்றிய மாணவர்களுக்கு. (பத்திரிகைத் தாள் வைக்க வேண்டாம் என்று தடுத்த மாணவிக்குத் தனியாக: அதன் மை ஏறியிருந்தால் கையெழுத்துகள் போயிருக்கும். குமிழ்முனைப் பேனாவால் எழுதியதெல்லாம் தப்பியது, ஜெல் பேனா எழுத்து கரைந்தே போனது.) எழுதியெடுக்கும் தங்கச்சிமாருக்கும் நன்றி. பேசியவர் "கொண்டு போனாங்க" என்றால் "காணாமல் போனார்" என்று அவர்கள் எழுதுவதில்லை. இப்படிப் போனவர்களைத் தேட அமைத்த அரச அலுவலகத்தின் பெயர்ப்பலகையிலேயே "காணாமற்போன" என்று இருக்கிறது. தாய்மார் அதை ஒத்துக்கொள்ளாமல் "காணாமல் ஆக்கப்பட்ட" என்று இத்தனை வருடமாகச் சொல்லி வருகிறார்கள். சாட்சியத்தில் வினைச்சொல் மாறினால் செய்தவன் மறைந்துவிடுகிறான்.

பதிவெடுக்கும் இளையவர்களுக்கும் ஒன்று. நம் ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது "பிட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி இருந்தம்" (இரண்டு சமூகமும் கலந்து) என்பதுதான். அது உண்மை, அதை அவசரப்படுத்தி வெட்டாதீர்கள். ஆனால் அங்கேயே நன்றி சொல்லி எழுந்துவிடவும் வேண்டாம். தண்ணீர் குடித்துவிட்டு அவர்கள் "மறுகா…" (பிறகு…) என்று இழுப்பார்கள். சாட்சியம் அந்த மறுகாவில் தொடங்குகிறது. அதற்குக் கேள்வி தேவையில்லை, காத்திருந்தால் போதும்.

இனி ஒவ்வொரு பதிவும் மூன்று பிரதியாக, இரண்டு வேறு வகைக் கருவியில், அதில் ஒன்று மாவட்டத்துக்கு வெளியே இருக்கும். ஒரு மணி நேரம் ஏறக்குறைய 1 ஜிகாபைட் வரும், இடம் பிடிக்கிறது என்று சுருக்க மாட்டோம். எந்தக் கசற் யாருடையது என்று எழுதிய பெயர்க் குறியீட்டுப் புத்தகம் ஒலியோடு ஒரே அலுமாரியில் இருக்காது.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. லேபல்கள் எல்லாம் கரைந்துவிட்டன, 38 கசற்றை அந்த 20 விநாடி முன்னுரை காட்டித் தந்தது. இரண்டில் தொடக்கமே சேதம். அவை யாருடையவை என்று தெரியாததால், யார் கேட்கலாம் என்பதும் தெரியாது. அதனால் எவரும் கேட்கவில்லை. குறியீட்டுப் புத்தகத்தில் மூன்று பெயர் மிச்சம், அழிந்த ஒன்றையும் சேர்த்து. எந்த வீட்டுக் குரல் போனது என்று சொல்ல இப்போது எங்களால் முடியாது.

மூன்று வீட்டுக்கும் இந்தக் கிழமை போகிறோம், மன்னிப்போடு. இரண்டு கசற்றையும் கருவியையும் காக்கா கொண்டுவருவார். கருவியை மேசையில் வைத்து, ஹெட்போனை வீட்டாரின் கையில் கொடுத்து, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டிவிட்டு, தான் படலைக்கு வெளியே நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.