கவ்தோஸ் தீவுக்குக் கிளம்பும் நடைக்குழு நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே,

ஜனவரியில், கிரீஸின் கிரீட் தீவுக்குத் தெற்கே கிடக்கும் குட்டித் தீவான கவ்தோஸ் போவதாக நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தைப் பார்த்தேன். சனிக்கிழமை கப்பல், ஞாயிறு தீவின் தென்கோடியான திரிபிதி முனை, திங்கள் மறுபடி கப்பலேறி கிரீட், அன்றிரவே அங்குள்ள ஹானியா நகரிலிருந்து விமானம். கோடையில் நடக்கலாம். ஜனவரியில் இதற்கு ஆசை என்றுதான் பெயர். குளிர்காலத்தில் போகவேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்தத் தீவில் நடக்க அதுதான் பருவம் என்பேன். திரும்பும் தேதியை மட்டும் இப்படி இறுக்கிக் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

குளிர்காலத்தில் கப்பல் வாரத்தில் சில நாள்தான். அதுவும் காற்று ஓர் அளவைத் தாண்டினால் துறைமுகக் காவல் அதைக் கிளம்ப விடாது. ‘அபகொரெஃப்திகோ’ (கப்பல் கிளம்பத் தடை) என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு காபி குடிக்கப் போய்விடுவார்கள். அதற்கு மேல் யாரிடமும் கெஞ்சிப் பயனில்லை. இந்தக் கடலின் குணம் புதிதும் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தில் பவுல் ஏறிய கப்பலைப் புயல் அடித்துக்கொண்டு போகிறதே, அப்போது கொஞ்சம் ஒதுங்க இடம் கொடுத்த ‘கிலவுதா’ என்ற சின்னத் தீவு இதுதான் என்கிறார்கள். அந்தக் கப்பல்காரர்களும் குளிர்காலம் நெருங்கும் நேரத்தில், பொறுக்காமல் கிளம்பியவர்கள்தான்.

இன்னொன்று. நீங்கள் ஏறுகிற அதே கப்பலில்தான் தீவுக்குக் காய்கறியும் மருந்தும் போகின்றன. கோடையில் சரக்கினிகோ, ஐ யானிஸ் கடற்கரைகளில் ஜூனிப்பர் மரத்தடிகளில் கூடாரம் போடும் கூட்டம் குளிர்காலத்தில் இருக்காது. தீவிலேயே தங்குகிறவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கு வந்த சரக்கை எட்டுப் பேராகப் போய் அள்ளிக்கொண்டு வராதீர்கள். இரண்டு மூன்று நாள் கூடுதலாகத் தாங்கும் உணவை கிரீட்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தங்குமிடத்துக்கு முன்கூட்டியே போன் செய்து, திறந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பல இடங்கள் பூட்டிக் கிடக்கும்.

இனி நடை. கஸ்திரி ஊரில் தொடங்கி, வட்சியானா கிராமம் வழியாகத் திரிபிதிக்குப் போய்த் திரும்ப ஒரு பகல் பொழுது ஓடிவிடும். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் பத்து மணி நேரம்கூட இல்லை. மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். தீவின் உச்சியே 345 மீட்டர்தான் என்று அலட்சியம் வேண்டாம். வட்சியானாவைத் தாண்டினால் பாதை கடலை நோக்கி இறங்கிக்கொண்டே போகும், கால்கள் குஷியாக ஓடும். அந்த இறக்கத்தை எல்லாம் திரும்பி வரும்போது, களைத்த காலோடு, எதிர்க்காற்றில் ஏற வேண்டும். சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல், காற்று ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்ட பைன் மரங்கள், யாரும் உழாமல் விட்ட படிவயல்களின் கல் சுவர்கள். ஆட்டு மணிச் சத்தம் கேட்கும், ஆடு கண்ணில் படாது. மழைக்குப் பின் இந்த வறண்ட தீவில் எட்டிப் பார்க்கும் பச்சையைக் கோடைக்காரர்கள் கண்டதே இல்லை.

பாதையோரம் சின்னச் சின்னக் கற்குவியல்கள் இருக்கும். வழி காட்ட வைத்தவை. அழகுக்காகப் பக்கத்தில் இன்னொன்று அடுக்கிப் படம் எடுக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து அங்கே கொண்டுபோகாதீர்கள். பனிமூட்டத்தில் அடுத்து வருபவர் உங்கள் கலையை நம்பிப் பள்ளத்தில் இறங்குவார்.

முனையில் கடல் குடைந்த மூன்று வளைவுகள், கூழாங்கல் கரை, மேலே ஆள் ஏறி உட்காரும்படியான ராட்சத மர நாற்காலி. ஐரோப்பாவின் தென்கோடி. துனிஸ், அல்ஜியர்ஸ் நகரங்களைவிடவும் தெற்கே. (சைப்ரஸ் இன்னும் தெற்கே இருக்கிறது, அதை ஆசியக் கணக்கில் எழுதினால்தான் இந்தப் பெருமை நிற்கும்.) நாற்காலியில் தாராளமாக உட்காருங்கள், குளிர்காலத்தில் வரிசை கிடையாது. ‘ஐரோப்பாவின் முடிவு’ என்று தலைப்பு மட்டும் போடாதீர்கள். லிபியாவின் தொப்ருக்கிலிருந்து படகில் வருகிறவர்களுக்கு ஐரோப்பா தொடங்குவதே இந்தத் தீவில்தான். 2024 டிசம்பரில் கவ்தோஸுக்கு அருகே மரப்படகு கவிழ்ந்து ஆட்கள் செத்தார்கள், பலரைக் காணவில்லை. வருகிறவர்களில் பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், எகிப்தியர், சூடானியர் எல்லாரும் உண்டு.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நம் நிறத்தில், முதுகில் பையோடு, ஜனவரியில் ஆளில்லாத தென்கரையில் நடந்தால் யாராவது நிறுத்தி விசாரிக்கக்கூடும். பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும், காட்டிவிட்டு நடங்கள். நாங்கள் டூரிஸ்ட், அவர்களைப் போல இல்லை என்று குரலை உயர்த்துகிற அசட்டுத்தனம் வேண்டாம். கரையேறி நனைந்து நிற்பவர்களைக் கண்டால் 112-ஐ அழையுங்கள், தண்ணீரும் கம்பளியும் கொடுங்கள். கரையில் கிடக்கும் உயிர்காப்பு அங்கிகளைப் பின்னணியாக வைத்துப் படமெடுக்காதீர்கள்.

கப்பல் வராமல் ஒரு நாள் மாட்டிக்கொண்டால் அம்பெலோஸ் கிராமத்துப் பக்கம் கலங்கரை விளக்கத்துக்கு நடக்கலாம். 1880-இல் கட்டியது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் குண்டுபோட்டுச் சிதைத்ததைப் பின்னால் சரிசெய்து வைத்திருக்கிறார்கள். 1930களில் கம்யூனிஸ்டுகளை நாடுகடத்திக் கொண்டுவந்து போட்ட தீவு இது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு நடங்கள். கப்பலுக்காகக் காத்திருக்க அவர்களுக்கு எத்தனையோ மாதங்கள் இருந்தன.

ஆகவே திங்கள் இரவு விமானத்தை அந்த வாரக் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள். லீவு கிடைக்காதவர்கள் மே மாதம் வரட்டும். டிக்கெட்டை மாற்றியதும் ஒரு வரி எழுதுங்கள். வட்சியானா பாதையின் ஜிபிஎஸ் கோப்பை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்