சின்னவளுக்குக் குறைந்த இரண்டு புள்ளி

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள பிள்ளைக்கு,

இயக்க விதிகள் பாடத்தில் சின்னவளுக்கு இரண்டு புள்ளி குறைந்துவிட்டது என்று அவளை ஏசாதே. பிழை என்னுடையது. போன கிழமை போனில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, "50 கிலோ என்றால் நிறை 500 நியூட்டன்" என்று சொன்னது நான்தான். பிள்ளை அப்படியே எழுதிவிட்டாள். உங்கள் சென்னைப் புத்தகத்தில் நிறை என்பது இலங்கையில் எங்கள் திணிவு, கிலோவில் அளப்பது. எங்கள் நிறை பூமி இழுக்கும் விசை, நியூட்டனில் அளப்பது; அதற்கு அங்கே எடை என்று பெயர். நிறையை நியூட்டனில் எழுதினால் அந்த ரீச்சர் வெட்டத்தானே செய்வா?

முப்பது வருசம் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பித்தவளுக்கு இது தெரியாமலில்லை, வாயில் வந்துவிட்டது. ஆர்முடுகல் அங்கே முடுக்கம், சடத்துவம் நிலைமம். எங்கள் கதி அங்கே வேகம், எங்கள் வேகம் அங்கே திசைவேகம். விசையும் உந்தமும் மட்டும் இரண்டு கரையிலும் ஒன்றாக இருக்கின்றன. நிறுத்துப் பார்ப்பதால் வருவதுதானே நிறை, எங்கள் சொல்தான் சரி என்று எனக்கு இப்பவும் ஒரு வீம்பு. ஆனால் அவளிடம் அதைச் சொல்லாதே. அவள் அங்கே சோதனை எழுத வேண்டியவள்.

எனக்கு நித்திரை வராமல் செய்தது இந்த இரண்டு புள்ளி இல்லை. அன்றைக்கு அவள் சொன்ன இன்னொரு விடை. "லிஃப்ட் மேலே போனால் எடை கூடும், கீழே வந்தால் குறையும் அம்மம்மா" என்றாள், பாடமாக்கின மாதிரி. என்னிடம் படித்த பிள்ளைகளிலும் பாதிப்பேர் இதைத்தான் சொல்வார்கள்.

நேற்று அப்பாவின் பழைய ஊசித் தராசைத் தூக்கிக்கொண்டு எங்கள் தொடர்மாடி லிஃப்டுக்குள் போனேன். அப்பா கதவடியில் நின்று சிரித்தார். மூன்றாம் மாடி மனுசியும் ஏறினா. ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தா.

நிற்கும்போது 58. ஏழாம் மாடிக்குப் பொத்தானை அமத்தினேன். வெளிக்கிட்டவுடன் ஊசி 63க்குப் போய் அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு 58க்கு வந்துவிட்டது. கவனி, லிஃப்ட் அப்போதும் மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது. ஏழாம் மாடி கிட்ட வந்து மெதுவாகும்போது 53. இறங்கும்போது எல்லாம் தலைகீழ்: தொடக்கத்தில் 53, நடுவில் 58, கீழ்த்தளத்தில் நிற்கப் போகும்போது 63. கீழே வரும்போதும் கூடுகிறதே! இதை அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

தராசில் கிலோ என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது வில். அது அளப்பது அது என் காலைத் தள்ளும் விசையை. பூமி என்னைக் கீழே இழுப்பது 580 நியூட்டன்; ஈர்ப்பை 10 என்று எடுத்திருக்கிறேன். லிஃப்டுக்குள்ளும் வெளியேயும் அது மாறாது. மேலே வெளிக்கிடும்போது தராசு தள்ளுவது 630. மிச்சம் 50 நியூட்டன் மேல்நோக்கி. அதை 58ஆல் பிரித்தால் செக்கனுக்குச் செக்கன் 0.86 மீற்றர் வேகம் கூடுகிறது, அதுதான் முடுக்கம். நடுவில் இரண்டும் 580, மிச்சம் பூச்சியம். மிச்சம் இல்லாமலே நான் மேலே போய்க்கொண்டிருக்கிறேன். ஓடுகிற பொருளை ஓட வைக்க ஒரு விசை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் நாங்கள் எல்லாரும் மனசுக்குள் நம்புகிறோம். நியூட்டன் 1687இல் எழுதி வைத்தது அப்படியல்ல: விசை வேண்டியது வேகம் மாறுவதற்கு.

காலி வீதியில் 101 பஸ்ஸில் நீ எத்தனை நாள் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போனாய். சீராக ஓடும்போது விழுந்தாயா? எடுக்கும்போது பின்னால் சாய்வாய், பிரேக் போடும்போதுதானே முன்னால் நிற்கிறவரின் முதுகில் மோதுவாய். அப்போது உன்னை ஒருவரும் முன்னே தள்ளவில்லை. பஸ் நின்றது, நீ நிற்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனபடியால் ஒரு ஊசித் தராசு வாங்கிக் கொடு. டிஜிட்டல் வேண்டாம், அது ஒரு இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு அசையாது. உங்கள் லிஃப்டில் ஏறி ஊசியை வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லு. கீழே வருவதையும் கட்டாயம் எடுக்க வேண்டும். எவ்வளவு கூடினது, எவ்வளவு குறைந்தது என்று கொப்பியில் எழுதி முடுக்கத்தைக் கண்டுபிடிக்கட்டும். முடுக்கம் என்றே எழுதட்டும், ஆர்முடுகல் வேண்டாம்.

அப்பாவுக்கு இப்போது சீனி குறைவு. நாளைக்கு அவரையும் தராசில் ஏற்றப் போகிறேன், இன்னும் வரமாட்டேன் என்றுதான் நிற்கிறார்.

அன்புடன்,
அம்மா