காது இரைச்சல் பணிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, பெரியவர்களே, வணக்கம்.

காதுக்குள் 'கொய்ங்' என்று ஓயாமல் கேட்கும் இரைச்சலுக்கு, மெல்லிய ஒலி எழுப்பும் ஒலிக்கருவி வாங்கிக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. இன்று கருவியைக் கொடுத்துவிட்டு ஆறு வாரம் கழித்து ஆலோசனைக்கு வரச் சொன்னால், அதற்குள் கருவி அலமாரிக்குப் போய்விடும். இரண்டும் ஒரே நாளில் அடுத்தடுத்த அறைகளில் கிடைக்கும்படி செய்தது நீங்கள்தான். கூடத்தைத் திறந்துவிட்ட கோயில் கமிட்டிக்கும் ஆட்களைக் காரில் ஏற்றி வந்த பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

கேள்திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் ஆடியாலஜிஸ்ட் சகோதரிகளே, ஒலியளவை அமைக்கும் அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் காட்டிய பொறுமைக்குத் தனி நன்றி. இரைச்சலை முழுக்க மூடிவிடுங்கள் என்றுதான் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். மூடினால் கருவியைக் கழற்றியதும் இரைச்சல் முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். கேட்காத ஒலிக்கு மூளை பழகுவதும் இல்லை. நரம்பியல் ஆய்வாளர் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் 1990இல் முன்வைத்த விளக்கத்தை ஒட்டி வளர்ந்த பயிற்சி முறையின் அடிப்படை இதுதான். மழைச் சத்தத்துக்கு நடுவே குழாய் சொட்டுவதும் காதில் விழுமே, அதுபோலக் கருவியின் ஒலி, உள்ளே கேட்கும் இரைச்சல் இரண்டும் கேட்க வேண்டும். ஒரு சொடுக்கு ஏற்றி, "உள்சத்தம் இன்னும் தனியாத் தெரியுதா, ஆயா?" என்று கேட்டு, இரண்டும் கலக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தினீர்கள். தாழ்ந்த சுருதி ஒலிகள் நன்றாகக் கேட்பவர்களுக்குக் காதை அடைக்காத, துளையுள்ள டோம் (காதுக்குள் மாட்டும் சிறு மென்முனை) போட்டதும் சரியான முடிவு. அடைத்துவிட்டால் வெளிச்சத்தம் குறைந்து இரைச்சல்தான் மேலெழும்.

ஆலோசகர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! "மூளையில் கட்டியா, செவிடாகிவிடுவேனா" என்ற பயத்தோடு வந்தவர்களுக்குக் காது மருத்துவர் சோதனை முடிந்த பிறகு, உட்காதின் நத்தை எலும்புக்குள் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் தேய்வதையும், குறைந்துபோன ஒலியை ஈடுகட்ட மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்வதையும் படம் வரைந்து காட்டினீர்கள். பயம் தணிந்தால்தான் தூக்கம் வரும். 25 கேள்விகள் கொண்ட பாதிப்பு வினாத்தாளைத் தமிழில் வாய்விட்டுக் கேட்டது பெரிய உதவி. ஆம் என்றால் 4, சில நேரம் என்றால் 2, இல்லை என்றால் 0, மொத்தம் 100. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாசித்துத் தாங்களே 'இல்லை' போட்டுவிட்டால், மூன்று மாதம் கழித்து வரும் மதிப்பெண்ணை எதோடு ஒப்பிடுவது?

2022, 2023இல் லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு கடுமையாக இருந்தபோது இரவுக்கருவிகளுக்குப் பேட்டரி ஏற்பாடு செய்த எலக்ட்ரீஷியன் அண்ணன்மாருக்கும் கடன்பட்டிருக்கிறோம். நடுச்சாமத்தில் கரண்ட் போனால் படுக்கையறை ஸ்பீக்கர் சட்டென்று அடங்கும். அந்த அமைதியில் இரைச்சல் பாய்ந்து வரும், பிறகு விடியும்வரை தூக்கம் இல்லை. ஒரு மணி நேரத்தில் தானாக நிற்கும் டைமரிலும் இதே கெடுதல்தான். விடியும்வரை மெல்லிய ஒலி ஓடட்டும்.

டர்பனின் ஈரக்காற்றைப் பற்றிச் சொல்லித் தந்த மருந்துக்கடைக்காரருக்கும் நன்றி. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் கருவியை வைக்க வேண்டும். சிங்க்-ஏர் பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்துச் சில நிமிடம் காற்றுப் பட விட்ட பிறகே உள்ளே போட வேண்டும். கருவி ஒரு பக்கம் ஊமையானால் நோய் முற்றிவிட்டதென்று அழ வேண்டாம். பெரும்பாலும் காதழுக்கு வடிகட்டி அடைத்திருக்கும். அதை மாற்றினால் போதும்.

காசநோய்ப் பிரிவு நர்ஸ் அக்காமாரே, கேள்திறனைக் கெடுக்கக்கூடிய கானமைசின் ஊசி போட்டுக்கொண்டவர்களைக் கேள்திறன் சோதனைக்கு அனுப்பிவைத்தது நீங்கள். 2018இல் இந்த நாடு அந்த ஊசிகளை விட்டுப் பெடாகுவிலின் மாத்திரைக்கு மாறியது. ஆனால் அதற்கு முன் போன கேள்திறன் திரும்பவில்லை. அவர்களுக்கு வெறும் ஒலிக்கருவி போதாது, கேட்புக்கருவிதான் முதலில் வேண்டும். இன்னொன்று: ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல், திடீரென்று கேட்காமல் போவது, இவற்றோடு வந்தவர்களைக் கருவிக்கு வரிசையில் நிறுத்தாமல் நேரே காது மருத்துவரிடம் அனுப்பினீர்கள். திடீர்ச் செவிட்டுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு.

காவடி நாளில் ஒலிபெருக்கியைக் கூட்டத்தின் காதுமட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டிய இளைஞர்களுக்கும், காதடைப்பான் போட ஒத்துக்கொண்ட மேளக்காரர்களுக்கும் வணக்கம். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதி நேரமே தாங்கும். 94க்கு 1 மணி நேரம்தான். மேளம் நின்றதும் அடைப்பானைக் கழற்றிவிடுங்கள். நாள் முழுக்க அமைதியில் இருக்கும் காது சின்னச் சத்தத்துக்கும் கூசத் தொடங்கும்.

இரைச்சலுக்கு மூளை பழக ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். அது முடிந்து கருவியைத் திருப்பித் தந்தவர்களுக்கும் நன்றி. தரும்போது சார்ஜரையும் மிச்ச வடிகட்டிகளையும் சேர்த்துத் தாருங்கள். டோமை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள், அடுத்தவருக்குப் புதிது மாட்டுவோம்.

அன்புடன்,
சாட்ஸ்வர்த்தில் காது இரைச்சல் உதவிப் பணி செய்வோர்