டேப்பைக் கவருக்குள் வைத்திருக்கிறேன், பாப்பா

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, வாட்ஸ்அப்பில் போட்டால் அப்பா கண்ணில் படும், அதனால்தான் பேப்பர் எடுத்து உட்கார்ந்தேன். பாதியில் மூடி வைக்காமல் கடைசி வரை படி. கவருக்குள் ஒரு இஞ்ச் டேப் இருக்கும், புதுசு. வீட்டில் இருந்த பழசு இழுத்து இழுத்து நீண்டுபோய்விட்டது, அதில் அளந்தால் அரை இஞ்ச் தப்பாகக் காட்டுகிறது.

விஷயம் உள்ளாடைதான். நாங்கள் பாடி என்போம், நீங்கள் பிரா என்கிறீர்கள். பொங்கலுக்கு வந்தபோது நீ தலை துவட்டிக்கொண்டிருந்தாய், நைட்டி கழுத்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. தோளில் ஒரு விரலை வைத்தால் உள்ளே உட்காரும், அந்த அளவுக்குப் பள்ளம், ஓரமெல்லாம் கன்றிப்போய்க் கறுத்திருந்தது. நான் காபியை வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். எனக்கும் அதே இடத்தில் அதே பள்ளம், முப்பது வருஷமாக இருக்கிறது, அது எல்லாப் பொம்பளைக்கும் இருப்பதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கொடியில் நீ காயப்போட்டிருந்ததையும் பார்த்தேன், 36 பி. எண் சுற்றுப்பட்டைக்கு, எழுத்து கப்புக்கு. பார்த்துவிட்டாயா என்று கோபப்படாதே.

மாசி மாதம் எனக்குக் கழுத்தும் தோளும் பிடித்துக்கொண்டதே, உன்னிடம் லேசான வலி என்றுதான் சொன்னேன். லேசு இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், கடைசியில் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண் உன் வயசுதான் இருக்கும், முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அம்மா உங்கள் உள்ளாடை பின்பக்கம் கழுத்தைப் பார்த்து ஏறி நிற்கிறது, முதலில் இதை மாற்றுங்கள் என்றாள். பாரத்தை முக்கால்வாசி தாங்க வேண்டியது மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றி வருகிற பட்டைதான், தோள் நாடா அது நகராமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். சுற்றுப்பட்டை தொளதொளவென்று இருந்தால் பாரம் எல்லாம் தோளுக்குப் போய்விடும், நாமும் நாடாவை இன்னும் இன்னும் இறுக்குவோம். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். உன் தோளும் அதைத்தான் சொன்னது.

சரி, புதுசு வாங்கலாம் என்று கிளம்பினேன். லாரன்ஸ் ரோட்டில் நாம் எப்போதும் போகிற கடையில் அந்த ஆள் டேப்பைக்கூட எடுக்கவில்லை, ஏற இறங்கப் பார்த்துவிட்டு 40 என்றார், டப்பாவில் எண் மட்டும்தான், எழுத்தே இல்லை. அப்புறம் உன் சித்தியோடு பாண்டிக்குப் போனேன். அங்கே பெரிய கடை, பெண்களே அளக்கிறார்கள், மனசுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்தப் பெண் புடவைக்கு மேலேயே டேப்பைச் சுற்றினாள், கீழே 34 வருகிறது, 4 கூட்டினால் 38, உங்களுக்கு 38 பி என்றாள். எதற்கு 4 கூட்டுகிறாய் என்று கேட்டேன், எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். சென்னையில் மூன்றாவதாக ஒரு கடை, ஏசி, சோபா, அளப்பதற்கென்றே ஆள். அவள் அக்குளுக்குக் கீழே மார்புக்கு மேலே அளந்து 38 சி கொடுத்தாள். போட்டுப் பார்த்தால் மேலே சதை பிதுங்கி, ஜாக்கெட் போட்டதும் நான்கு மார்பு இருக்கிற மாதிரி தெரிந்தது. இரண்டு நாளில் சரியாகிவிடும் மேடம் என்றாள். கப்புக்கு அடியில் இருக்கிற கம்பி எலும்பு மேல் குத்துவது இரண்டு நாளில் எப்படிச் சரியாகும்?

கடைசியில் மாடி வீட்டு மருமகள்தான் அளந்து விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு, மேலே ஒன்றும் இல்லாமல். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, அந்தப் பெண் ரொம்பச் சாதாரணமாகச் செய்தாள். மூச்சை விடச் சொல்லி மார்புக்குக் கீழே டேப்பை நன்றாக இறுக்கினாள், முப்பத்து மூன்றரை. அப்புறம் களை எடுக்கிற மாதிரி குனியச் சொன்னாள், சதை எல்லாம் தொங்குமே, அப்போது பெரிதாக இருக்கிற இடத்தில் டேப்பைச் சும்மா தொடுகிற மாதிரி சுற்றினாள், 40. கீழளவு 34 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 6. ஒரு இஞ்சுக்கு ஒரு எழுத்து, 1 என்றால் ஏ, 2 பி, 3 சி, 4 டி. ஆறு என்றால் டிக்கும் மேலே இரண்டு. அந்தக் கடைப் பெண் 4 கூட்டினாளே, கீழே நான்கு இஞ்ச் கூட்டியதும் வித்தியாசம் நான்கு இஞ்ச் குறைந்துவிட்டது. பட்டை பெரிசு, கப் சின்னது. எவ்வளவு பேருக்கு இதைச் செய்திருப்பார்களோ.

டி என்றாலே ரொம்பப் பெரிசு என்று நானும் நினைத்திருந்தேன். எழுத்து தனியாக ஒன்றும் சொல்லாது பாப்பா. 34 பி, 32 சி இரண்டிலும் கப் கொள்கிற அளவு ஒன்றுதான். டிக்கு அப்புறம் கம்பெனிக்குக் கம்பெனி எழுத்து மாறுகிறது, அவர்கள் அட்டவணையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். என் அளவு கடலூரிலும் இல்லை, பாண்டியிலும் இல்லை, மாடி வீட்டு மருமகள் ஆன்லைனில் மூன்று வரவழைத்தாள், இரண்டு திரும்பிப் போயின. மூன்றாவதைப் போட்டு நின்றேன். நடுவில் இருக்கிற துண்டு நெஞ்செலும்பில் ஒட்டி உட்கார்ந்தது. இத்தனை வயசுக்கு அது ஒட்டி நான் பார்த்ததே இல்லை.

உனக்குக் கீழளவு 30 தாண்டாது என்று என் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கண்ணளவை நம்பித்தான் இவ்வளவு நாள் போய்விட்டது. நீயே அளந்து பார். டேப்பை இறுக்கிப் பிடி. போடும்போது கொஞ்சம் குனிந்து, அக்குள் பக்கம் ஒதுங்கிக் கிடக்கிற சதையைக் கையால் கப்புக்குள் கொண்டு வா. புதுசு வாங்கினால் கடைசிக் கொக்கியில், தளர்வாக மாட்டும்போதே பிடிப்பாக இருக்க வேண்டும், போகப் போக எலாஸ்டிக் தளரும், அப்போது உள்கொக்கிக்கு மாறிக்கொள்ளலாம். கையை மேலே தூக்கிப் பார், பின்பட்டை ஏறக்கூடாது. ஒரு பக்கம் சின்னது ஒரு பக்கம் பெரிசாக இருந்தால் பயப்படாதே, நிறையப் பேருக்கு அப்படித்தான், பெரிய பக்கத்துக்கு வாங்கு. பிழிந்து உதறாதே, வாஷிங் மெஷினில் போடாதே. கட்டி கிட்டி ஏதாவது கைக்குத் தட்டுப்பட்டால் மட்டும் கடைக்குப் போகாதே, டாக்டரிடம் போ, எனக்கும் சொல்.

ஓசூரில் முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிறாய், பெரிய அத்தையிடம் சொல்லும்போது எனக்கு வாயெல்லாம் பல். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகூட அம்மாவுக்கு ஒரு போன் போட உனக்கு முடியவில்லை. ஆவணியில் சித்தி மகன் கல்யாணம், திருப்பாப்புலியூரில்தான், நடந்து போகிற தூரம். லீவு கிடைக்காது என்று ஒரு வரி அனுப்பினாய். நீ கேட்டு இல்லை என்றார்களா, கேட்கவே இல்லையா?

பொங்கலன்று எல்லா அத்தைகளும் இருக்கும்போது, துப்பட்டாவை ஒழுங்காகப் போடு என்றேன், அடுத்த நிமிஷமே ஏன் கூன் போட்டு உட்காருகிறாய், நிமிர்ந்து உட்கார் என்றேன். நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். அன்றிலிருந்துதான் நீ பேசுவது குறைந்தது, எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைக்கிறேன். இதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் அதைக் கேட்பது சரியில்லை.

நீ ஒன்பதாவது படிக்கும்போது அண்ணா ஸ்டேடியத்தில் 400 மீட்டர் ஓடினாய், இரண்டாவதாக வந்தாய். நானும் வந்து கேலரியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன் வரிசையில் இருந்த இரண்டு பேர் உன்னைப் பார்த்துப் பேசியது காதில் விழுந்தது. எழுத மாட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் நீ, ஓடும்போது வலிக்குதும்மா என்று சொல்லியிருந்தாய், நான் ஒரு சைஸ் சின்னதாக வாங்கி, அதற்கு மேல் சிம்மீஸும் போடச் சொன்னேன். மார்புக்குள் தசையே கிடையாதாம், தோலும் மெல்லிய நார்களும்தான் தாங்குகிறதாம், ஓடும்போது அது மேலும் கீழும் பக்கவாட்டிலும் இழுபடுமாம், அதற்கென்று தனியாக ஸ்போர்ட்ஸ் பிரா இருக்கிறதாம். அந்த பிசியோ பெண் இதைச் சொன்ன அன்று எனக்கு ராத்திரி தூக்கமில்லை. நீ வலியோடு ஓடி இரண்டாவது வந்திருக்கிறாய்.

அடுத்த போட்டிக்கு லிஸ்டில் உன் பேர் இல்லை. பி.டி. டீச்சர் வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்று அழுதாய், பத்தாவது முடியும் வரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் விடவில்லை பாப்பா. நான்தான் ஸ்கூலுக்குப் போய் உனக்கு வீசிங் இருக்கிறது, ஓட வைக்காதீர்கள் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். அவர் இரண்டு தடவை கேட்டார், நல்லா ஓடுகிற பிள்ளைம்மா, டாக்டரிடம் காட்டினீர்களா என்று. காட்டினோம் என்றேன். கேலரியில் பேசிய அந்த ஆட்களை எழுந்து ஒரு வார்த்தை கேட்கத் துணிவில்லாமல் உன்னை உட்கார வைத்துவிட்டேன். அப்பாவுக்குக்கூட இது தெரியாது. நீ முதுகை வளைத்து நடக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். நான் சொல்லிக் கொடுத்த கூனை நானே அத்தைகள் முன்னால் குற்றம் சொன்னேன்.

இதைப் படித்துவிட்டு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். பேசாமல் மட்டும் இருக்காதே.

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பண்ருட்டியிலிருந்து மாமா பலாப்பழம் கொடுத்து அனுப்பினார், கொட்டையைக் காய வைத்திருக்கிறேன், உனக்குப் பிடிக்கும்.

கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டுக்கு ஜாக்கெட் தைக்க டெய்லர் உன் பழைய அளவு ஜாக்கெட்டைக் கேட்டார், கொடுக்கவில்லை. புது அளவு வந்ததும் வெட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் துணி அப்படியே பீரோவில் இருக்கும்.

அம்மா

பி.கு: கீழே அளக்கும்போதுதான் இறுக்க வேண்டும். மேலே அளக்கும்போது இறுக்காதே, டேப் சும்மா தொட்டால் போதும். மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் அளக்காதே, அப்போது வீங்கியிருக்கும்.