உங்கம்மா குனிகிறாள்

மதுரை
ஞாயிறு, காலை

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. தினமும் போனில் பேசிக்கொண்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் பேசும்போது உங்கம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இப்போது மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். எழுதி முடித்ததும் மாடி வீட்டுத் தம்பியிடம் கொடுத்து, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். பதிலை என் போனுக்கு அனுப்பாதே. அதையும் அவள்தான் முதலில் படிப்பாள்.

முதலில் என் கதை. ஆபரேஷன் முடிந்து நேற்றோடு 5 வாரம். வலி பாதிக்கு மேல் போய்விட்டது. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டேன். ஒரு வருஷம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேனே, நீகூட அங்கிருந்து ஒரு ஸ்ப்ரே வாங்கி அனுப்பினாய். எல்லாம் வேற ஸ்டாப்பில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்த கதைதான். டாக்டர் என்னைப் படுக்கவைத்துக் காலை லேசாக உள்பக்கம் திருப்பினார், அலறிவிட்டேன். "முழங்கால் நல்லாத்தான் இருக்கு. தேய்ஞ்சது இடுப்பு மூட்டு. வலி கீழே இறங்கி முழங்கால்ல காட்டுது" என்றார். கால் நகம் வெட்ட முடியாமல் போனதே அதனால்தானாம். நான் தொப்பை என்று நினைத்திருந்தேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்துத்தான் செய்தார்கள். பாதித் தூக்கம், பாதி விழிப்பு. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் டொக் டொக்கென்று சுத்தியல் சத்தம். டிப்போவில் டிங்கரிங் நடக்கும்போது கேட்குமே, அதேதான். வலியில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. மறுநாளே எழுப்பி நிறுத்திவிட்டார்கள்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்பவர் 1962இல் கொண்டுவந்த முறையிலிருந்துதான் இது வளர்ந்ததாம். தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோகப் பந்து, அது சுழல பிளாஸ்டிக் கிண்ணம். அதற்கு முன்னால் டெஃப்லானில் கிண்ணம் வைத்துப் பார்த்திருக்கிறார். அது சீக்கிரமே தேய்ந்து, பலருக்கு மறுபடியும் கிழிக்க வேண்டியதாகிவிட்டதாம். உங்கம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "தோசைக்கல்லுல பூசுனதே ஆறு மாசம் வர மாட்டேங்குது, அதைப் போயி இடுப்புல வச்சாராக்கும்" என்றாள். டாக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இப்போது எனக்கு ஏகப்பட்ட சட்டம். பின்பக்கமாகத் திறந்து செய்ததால், இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது. மீறினால் பந்து கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடலாம். கால் மேல் கால் கூடாது. பாதம் உள்ளே திரும்பக் கூடாது. படுத்தால் இரண்டு காலுக்கும் நடுவே தலையணை. தரையில் உட்காருவது என்ற பேச்சே இல்லை. நாற்காலிக்குக் கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறோம், பாத்ரூம் கம்மோடுக்கும் மேலே ஒரு உயரமான சீட்டு. ராஜபாளையம் ரூட்டில் எத்தனை வருஷம் "படியில நிக்காத, உள்ள ஏறு" என்று கத்தினவன், இப்போது பிசியோ பிள்ளையிடம் படி ஏறப் படிக்கிறேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கைத்தடி ஆபரேஷன் காலுக்கு எதிர்க் கையில். நான் மறந்து வலது கையில் பிடித்தால், "தாத்தா, கை மாத்துங்க" என்று ஒரு அதட்டல்.

சொல்ல வந்தது இதில்லை.

குனியக் கூடாது என்று எனக்குச் சொன்னார்கள். எனக்கும் சேர்த்து உங்கம்மா குனிகிறாள். கீழே விழுந்த பேப்பர், கைத்தடி, செருப்பு மாட்டுவது, குளித்ததும் பாதம் துடைப்பது, நகம் வெட்டுவது. ரத்தம் உறையாமல் இருக்க இறுக்கமான சாக்ஸ் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதை ஏற்றுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. நேற்று எண்ணினேன். காலை 6 மணியிலிருந்து ராத்திரி 9 மணிவரை எனக்காக மட்டும் 31 தடவை. டிக்கெட் எண்ணின பழக்கம், தப்பு வராது. ஒவ்வொரு தடவையும் எழும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு "முருகா". ராத்திரி என் கட்டிலுக்குக் கீழேதான் பாய். மேலே படு என்றால், "அங்க படுத்தா நீங்க எந்திரிக்கிறது தெரியாது" என்கிறாள்.

நீளக் கைப்பிடி வைத்த இடுக்கி ஒன்று வாங்கினேன், உட்கார்ந்தபடியே எடுத்துக்கொள்ளலாம் என்று. அது ஆணியில் தொங்குகிறது. அதைத் தேடுகிற நேரத்தில் அவளே குனிந்து எடுத்துவிடுகிறாள். ஒருநாள் அவள் பார்க்காதபோது கைத்தடியை நானே குனிந்து எடுக்கப் போனேன். பார்த்துவிட்டாள். திட்டவில்லை. அன்று பூராவும் பேசவில்லை.

முந்தாநாள் ராத்திரி அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மிச்சம் வைத்த தைலம், அதே பாட்டில். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவளுக்கு முழங்கால்தானா, இடுப்பா, யார் பார்த்தது? என் நகத்தை வெட்டுகிறாளே, தன் நகத்தை வெட்ட முடிகிறதா என்று கேட்டேன். "இப்ப எதுக்கு அது" என்று விளக்கை அணைத்துவிட்டாள்.

அதனால் போனை எடுத்ததும் "அப்பா எப்படியிருக்கார்" என்று ஆரம்பிக்காதே. நான் தேறிவிட்டேன். வருகிற மாதம் லீவு போட்டு வருவதாகச் சொன்னாயே, வர வேண்டாம். அந்த லீவைச் சேர்த்து வை, அவளுக்கு வேண்டியிருக்கும்.

வியாழக்கிழமை எனக்குச் செக்கப். துணைக்கு வா என்றுதான் கூட்டிப்போகப் போகிறேன். நானாகச் சொன்னால் தன் காலைக் காட்ட மாட்டாள். நம் ஊர் நேரம் 11 மணிக்கு வீடியோவில் கூப்பிடு. டாக்டர் ரூமுக்குள் இருப்போம். அவரை வைத்துக்கொண்டு நீ கேட்டால் மறுக்க மாட்டாள், அவர் முன்னால் அவளுக்குக் கொஞ்சம் மரியாதை. முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

அப்பா