முன்னோட்டப் படங்கள் இனி வேறு மாதிரி இருக்கும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதம் முதல், நீங்கள் விற்பனைக்குத் தரும் படங்கள் நம் தளத்தில் ஏறும்போது, வாங்குபவர் பார்ப்பதற்கான முன்னோட்டப் படம் இப்போது இருப்பதைவிடச் சிறியதாக இருக்கும். வாட்டர்மார்க் (படத்தின் மேல் மங்கலாகப் போடும் உங்கள் பெயர்) மூலையை விட்டு உள்ளே வரும். படத்துக்குப் படம் அது லேசாகக் கோணலாகவும் தெரியும். "படத்தையே பாழ் பண்ணிட்டீங்களே" என்று போன் வருவதற்கு முன்னால் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

திரையில் தெரிகிற எந்தப் படத்தையும் எடுத்துவிடலாம். பிரவுசர் ஒரு படத்தைக் காட்டுகிறது என்றாலே, அந்தக் கோப்பு பார்ப்பவரின் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தாயிற்று. அதனால் ரைட் கிளிக்கைத் தடுப்பது, படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத வெற்றுப் படம் ஒன்றைப் போர்த்துவது போன்றவற்றை நாங்கள் செய்வதில்லை. கேட்பவர்களிடமும் வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்தால் பக்கத்தில் உள்ள எல்லாப் படங்களின் முகவரியும் வரிசையாக வந்து நிற்கும். இந்தத் தடையில் சிக்குவது, படத்தைப் புதிய டேபில் திறந்து தன் மேலாளருக்கு லிங்க் அனுப்ப நினைக்கிற நேர்மையான டிசைனர் ஒருவர்தான். காசு கொடுத்து வாங்கப்போகிறவரும் அவர்தான்!

ஆகவே நம் கையில் இருப்பவை மூன்று: எவ்வளவு காட்டுவது, எடுத்துப்போனால் அது எதற்கு உதவும், எடுத்தது யாருடைய படம் என்பது எப்படித் தெரியவரும்.

முதலில் அளவு. "72 டிபிஐ-யில் போட்டுவிட்டேன், பிரிண்ட் எடுக்க முடியாது" என்று பலர் நினைக்கிறார்கள். டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று கோப்புக்குள் எழுதி வைத்த வெறும் குறிப்பு, யாரும் மாற்றிக்கொள்ளலாம். கணக்கில் வருவது பிக்சல் மட்டும்தான். நீண்ட பக்கம் 2048 பிக்சல் உள்ள படத்தை அங்குலத்துக்கு 300 என்று அச்சிட்டால் கிட்டத்தட்ட 6.8 அங்குலம் வரும். ஒரு நோட்டீசுக்கு அது தாராளம். செய்தித்தாள் அச்சுக்கு 200 போதும் என்பதால், அதே படம் அங்கே 10 அங்குலம் வரை நீளும். இனி நம் முன்னோட்டம் நீண்ட பக்கம் 900 பிக்சல், ஜேபெக் தரம் 100-க்கு 65. அச்சில் இது 3 அங்குலம். விசிட்டிங் கார்டின் அகலத்துக்கே பற்றாது. ஏஐ கருவிகளால் நான்கு மடங்கு பெரிதாக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் தரம் 65-இல் விழும் கட்டம் கட்டமான சிதைவையும் அவை சேர்த்தே பெரிதாக்குகின்றன, அல்லது மழித்துவிட்டு முகத்தைப் பிளாஸ்டிக் போல ஆக்குகின்றன.

சின்னப் படத்தைப் பார்த்து போகஸ் சரியா என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. அதற்காக ஒவ்வொரு படத்துக்கும் 400-க்கு 400 பிக்சலில், 100 சதவீத அளவில் ஒரே ஒரு துண்டு வைக்கிறோம். முகம் என்றால் கண், கட்டடம் என்றால் ஜன்னல் விளிம்பு. அந்தத் துண்டில் வாட்டர்மார்க் கிடையாது. தனியாக அதைத் திருடி யாரும் எதுவும் செய்துவிட முடியாது.

அடுத்தது வாட்டர்மார்க். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கேள்விகள் அதிகம் வருவது இதில்தான்.

30 சதவீத அழுத்தத்தில் வெள்ளை எழுத்து போட்டால், ஒவ்வொரு பிக்சலிலும் 30 பங்கு வெள்ளையும் 70 பங்கு உங்கள் படமும் கலக்கும். அடியில் இருந்த வெளிச்ச அளவு 100 என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை 255. கலந்தபின் 146.5 வரும். எழுத்தின் வடிவமும் அழுத்தமும் தெரிந்த ஒருவர் 146.5-இலிருந்து வெள்ளையின் பங்கான 76.5-ஐக் கழித்து 0.7-ஆல் வகுத்தால், பழைய 100 அப்படியே திரும்பிவிடும். பள்ளிக்கூடக் கணக்கு! எழுத்தின் வடிவம் அவருக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரே வாட்டர்மார்க்கை ஆயிரம் படங்களில் போட்டு நாமே சொல்லிக் கொடுக்கிறோம். மாறிக்கொண்டே இருக்கும் படங்களுக்கு நடுவே மாறாமல் இருப்பதை ஒரு நிரல் எளிதாகப் பிரித்துவிடும். 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் இதைத்தான் செய்து காட்டினார்கள். வாட்டர்மார்க்கை இடம் மாற்றி வைத்தாலும், அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தாலும் நிரல் தடுமாறவில்லை. எழுத்தின் வடிவத்தையே படத்துக்குப் படம் லேசாக வளைத்தபோதுதான், அழித்த இடத்தில் தழும்பு தெரிந்தது. உங்கள் பெயர் இனி கோணலாகத் தெரியப்போவதன் காரணம் இதுதான். கண்ணை உறுத்தாத அளவுக்குத்தான் வளைக்கிறோம்.

வளைப்பது மட்டும் இன்றைக்குப் போதாது. போட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் போன்ற கருவிகள் கழித்தல் கணக்கே போடுவதில்லை. அந்த இடத்தைப் புதிதாக வரைந்துவிடுகின்றன. அதனால் வாட்டர்மார்க் எங்கே உட்காருகிறது என்பதுதான் இப்போது முக்கியம். கே.ஆர். மார்க்கெட் பூக்கடைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் பங்கு செண்டுமல்லிக் குவியல். ஓரத்தில் மல்லிகைச் சரத்தை முழம் போடுகிற ஒரு கை. பின்னால் கன்னடத்தில் ஒரு கடைப் பலகை. பெயரைக் குவியலின் மேல் போட்டால் கருவி இன்னும் பத்துப் பூவை வரைந்து மூடிவிடும். யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? அதே பெயர் விரல்கள், சரம், பலகை எழுத்து ஆகியவற்றின் மேல் ஓடினால் கருவி திணறும். விரல்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும், சரத்தின் நார் நடுவில் அறுந்து நிற்கும், பலகையில் எந்த மொழியும் இல்லாத கிறுக்கல் வரும். வானம், சுவர், ஏரித் தண்ணீர், மங்கலான பின்னணி ஆகியவற்றின் மேல் வாட்டர்மார்க் போடுவது வீண் வேலை. கல்யாணப் படங்களில் பட்டுப் புடவையின் ஜரிகை பார்டர் நல்ல இடம். அந்த நெசவை இழை பிசகாமல் திருப்பி வரைவது சுலபமில்லை.

மூலையில் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். க்ராப் செய்தால் போயிற்று.

அழுத்தம் 25 முதல் 40 சதவீதம் வரை, படத்தின் வெளிச்சத்தைப் பொறுத்து மாறும். வெள்ளை எழுத்துக்கு மெல்லிய கறுப்பு ஓரம் இருக்கும். அது இல்லாவிட்டால் மாப்பிள்ளையின் வேட்டியில் பெயர் காணாமல் போய்விடும். பெயரோடு படத்தின் எண்ணும் வரும். லோகோ மட்டும் போதும் என்கிறவர்களுக்கு: எண் இருந்தால், படத்தை எங்கோ பார்த்து உண்மையாகவே வாங்க நினைப்பவர் நேராக வந்து சேருவார். சட்டக் காரணமும் ஒன்று உண்டு. அதைக் கீழே சொல்கிறோம். லேஅவுட்டுக்குப் பெரிய மாதிரி கேட்கும் விளம்பர நிறுவனங்களுக்கு 1600 பிக்சல் படம், லாகின் செய்த பிறகே கிடைக்கும். அதில் கேட்டவரின் வாடிக்கையாளர் எண்ணும் சேர்ந்து பதியும். வெளியே கசிந்தால் யார் வழியாகப் போனது என்று தேட வேண்டியதில்லை.

சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது படியுங்கள். தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் முழு அளவுப் படத்தை ஏற்றினால், அது பல சின்னப் பிரதிகளைச் செய்து கோப்புப் பெயரின் கடைசியில் 1024x683 போன்ற அளவைச் சேர்க்கிறது. அந்த வாலை முகவரியிலிருந்து அழித்துவிட்டு என்டர் தட்டினால் பெரிய படம் வந்துவிடும். 2019-இல் வந்த 5.3 பதிப்பு முதல், 2560 பிக்சலுக்கு மேலான படங்களைச் சுருக்கி 'ஸ்கேல்டு' என்ற வாலோடு வைக்கிறது; மூலப் படமும் அதே போல்டரில் அப்படியே கிடக்கிறது. முன்பக்கத்தில் அழகான வாட்டர்மார்க், பின்பக்கத்தில் 24 மெகாபிக்சல் மூலப் படம்! வழி ஒன்றுதான்: விற்பனைக்கான கோப்பைப் பொதுவெளியில் இருக்கும் சர்வர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். 900 பிக்சலாகச் சுருக்கி, வாட்டர்மார்க் போட்டு, அதன்பிறகு ஏற்றுங்கள். நம் தளத்தில் மூலப் படங்கள் தனிக் கிடங்கில் இருக்கின்றன. பணம் கட்டியவருக்குச் சிறிது நேரத்தில் காலாவதியாகிவிடும் லிங்க் மட்டுமே போகும்.

வேறு தளங்கள் நம் சர்வரிலிருந்தே படத்தை இழுத்துக் காட்டுவதையும் தடுத்திருக்கிறோம். கூகுள் படத் தேடலுக்கும் வாட்ஸ்அப் லிங்க் முன்னோட்டத்துக்கும் விலக்கு உண்டு. அவற்றையும் அடைத்தால் வாங்க வருகிறவருக்கும் வழி அடைபடும். ஏஐ பயிற்சிக்குத் தரவு திரட்டப் பயன்படும் ஜிபிடிபாட், சிசிபாட் போன்ற தானியங்கி நிரல்களுக்கு, அவற்றுக்கென்றே தளத்தில் வைக்கும் ரோபோட்ஸ் கோப்பில் 'வராதே' என்று எழுதியாயிற்று. அது வாசலில் மாட்டிய பலகைதான். மதிக்கிறவை மதிக்கும்.

மெட்டாடேட்டாவில், அதாவது படக் கோப்புக்குள் பதிந்திருக்கும் விவரங்களில், எதை எடுப்பது, எதை வைப்பது என்பதில் குழப்பம் இருக்கிறது. ஜிபிஎஸ் இடம், கேமரா சீரியல் எண், உள்ளே பதிந்திருக்கும் குட்டிப் படம் ஆகியவற்றை எடுத்துவிடுகிறோம். அந்தக் குட்டிப் படம் கொஞ்சம் வில்லங்கமானது. ஒரு வண்டியின் நம்பர் பிளேட்டை வெட்டிவிட்டு நீங்கள் சேமித்தாலும், சில மென்பொருட்கள் வெட்டுவதற்கு முந்தைய குட்டிப் படத்தை உள்ளேயே விட்டுவிடும். படைத்தவர் பெயர், காப்பிரைட் வரி, உரிமை விவரப் பக்கத்தின் முகவரி, லைசென்ஸ் வாங்கும் முகவரி ஆகிய ஐபிடிசி (படக் கோப்பில் இத்தகைய தகவல்களை எழுதும் பொது முறை) விவரங்களை வைத்துக்கொள்கிறோம். இவற்றைப் படித்துத்தான் கூகுள் 2020 முதல் படத் தேடலில் 'லைசென்ஸ் கிடைக்கும்' என்ற அடையாளத்தைக் காட்டுகிறது. நீங்களே எக்சிஃப்டூல் என்ற மெட்டாடேட்டா கருவியில் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகத் துடைப்பவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை: கலர் புரொஃபைலும் (நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு) படம் நிற்கும் திசையும் கூடவே போய்விடும். அடோபி ஆர்ஜிபி படம் வெளிறிப்போகும், நெட்டுவாக்குப் படம் படுத்துக்கொள்ளும். முதலில் இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிற முறைக்கு மாற்றி, படத்தைச் சரியாகத் திருப்பிச் சேமித்த பிறகு துடையுங்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும், உங்கள் பெயர் விவரமும் உதிர்ந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் முழுக் கோப்பும் ஜிபிஎஸ்ஸோடு போய்ச் சேரும். பணம் வராத வரைக்கும் இரண்டாவதைச் செய்யாதீர்கள். அவசரம் என்று கெஞ்சினாலும் சரி.

இனி, படம் எங்கோ பயன்பட்டிருப்பது தெரியவந்தால் என்ன செய்வது? படத்தைக் கொடுத்தே தேடும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் தேடுங்கள். இடம் வலமாகத் திருப்பிய பிரதியையும் கொடுத்துத் தேடுங்கள், ஏனென்றால் திருடுகிறவர்கள் முதலில் செய்வது அதைத்தான். கிடைத்ததும் கோபத்தில் உடனே மெயில் எழுத வேண்டாம். மெயில் போன மறுநிமிடம் படம் மறையும், கூடவே ஆதாரமும். முகவரியும் தேதியும் தெரியும்படி முழுப் பக்க ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இணையப் பக்கங்களைத் தேதியோடு சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமியுங்கள். கோப்பின் ஹேஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்) குறித்துவையுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம், பிரிவு 63-இன்படி மின்னணு ஆதாரத்தோடு தரும் சான்றிதழில் ஹேஷ் மதிப்பைக் கேட்கிறது.

பிறகு, அந்தப் படத்தின் உரிமை உண்மையில் உங்களுடையதுதானா என்று பாருங்கள். காப்பிரைட் சட்டம் 1957, பிரிவு 17-இன்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர். கல்யாணப் படம் எடுப்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. புக்கிங் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. உரிமை உங்களுடையதாக இருந்து, பயன்படுத்தியவர் ஒரு வியாபாரி என்றால், எங்கள் யோசனை முதலில் பில் அனுப்புவது: பயன்பாடு, காலம், வழக்கமான லைசென்ஸ் கட்டணம், பணம் கட்ட ஒரு தேதி. பல நேரம் அதிலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் 2013 காப்பிரைட் விதிகளின் 75-ஆம் விதிப்படி, படத்தை வைத்திருக்கும் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். படத்தின் விவரம், நீங்கள் உரிமையாளர் என்பதற்கான ஆதாரம், மீறல் நடந்த முகவரி, வழக்குப் போட்டு 21 நாளில் நீதிமன்ற உத்தரவைத் தருவதாக உறுதிமொழி ஆகியவை அதில் இருக்க வேண்டும். தளம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாளில் உத்தரவு வராவிட்டால் படத்தை மீண்டும் காட்டலாம். வழக்கை எதிராளியின் ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை. பிரிவு 62, நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்துக்கே போக இடம் தருகிறது.

மேலே சொன்ன சட்டக் காரணம் இதுதான்: 2012 திருத்தத்தில் வந்த பிரிவு 65பி-இன்படி, உரிமையாளர் பெயர், படைப்பின் அடையாளம் போன்ற உரிமைத் தகவல்களை அனுமதியின்றித் தெரிந்தே நீக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பூ வேலைப்பாடு போட்ட லோகோவைவிட, படிக்க முடிகிற பெயரும் எண்ணும் அங்கே வலுவாக நிற்கும். பதிவு கட்டாயமில்லை என்றாலும், அதிகம் விற்கும் படங்களை ஒரு படைப்புக்கு 500 ரூபாய் கட்டிக் காப்பிரைட் அலுவலகத்தில் பதிந்துகொள்வது நல்லது.

இப்போது உங்களிடம் நாங்கள் கேட்பது: பெயர் எந்த எழுத்தில் வர வேண்டும் (தமிழ், கன்னடம், ஆங்கிலம் எதுவானாலும் சரி) என்பதையும், லோகோ இருந்தால் அதையும் பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக, குறைந்தது 2000 பிக்சல் அகலத்தில், இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவையுங்கள். வராதவர்களுக்குப் பில்லில் உள்ள பெயரைப் போடுவோம். ஏற்கெனவே தளத்தில் இருக்கும் படங்களைப் புதியவற்றிலிருந்து தொடங்கி மாற்றிக்கொண்டு வருவோம். பழைய பெரிய முன்னோட்டங்கள் கூகுள் தேடலில் கொஞ்ச நாள் தெரியும். நீக்கக் கோரிக்கையை நாங்களே கொடுத்துவிடுகிறோம். குறிப்பிட்ட ஒரு படத்தில் வாட்டர்மார்க் வந்து விழும் இடம் பிடிக்கவில்லை என்றால், படத்தின் எண்ணோடு எழுதுங்கள், கையாலேயே நகர்த்தித் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் படக் கிடங்குப் பணியாளர்கள்